பதினேழு வரைக்கும்

ரெயின் ஜாக்கெட் என்றதும்
கடைப் பையன் ரவிக்கைத் துணிப் பக்கம் கை காட்டினான்.
மழைக்கோட்டுடா, என்று அதட்டினார் நைனா முகம்மது.
கூத்தாநல்லூரில் அவர் கடையில் மூன்றுதான் இருந்தன.
மலையேறுற ஆளா நீங்க என்று
என் செருப்பைப் பார்த்துக் கேட்டார்.

நான் ஏறிய உயரம்
திறந்தவெளிக் கிடங்கில் நெல் அட்டி.
பதினெட்டு வரிசை மூட்டை,
தார்ப்பாய் விலகிய இடம் பார்க்க.

முதலாவது நீலம். எண்ணூறு ரூபாய்.
கசக்கிக் காதருகே வைத்தேன், சரசரத்தது.
இப்படிச் சரசரக்கும் தார்ப்பாய் ஒரு கோடை தாண்டாது,
மடித்த இடமெல்லாம் வெடிக்கும்.
கொள்முதல் நிலையத்தில் பதினோரு வருடமாகப்
பட்டியல் எழுதுகிறவளுக்கு
இதுகூடத் தெரியாதா.

இரண்டாவதன் கழுத்தில் ஒரு சீட்டு:
பத்தாயிரம் மில்லிமீட்டர் தாங்கும்.
எங்கள் ஊருக்கு அது எட்டு வருடத்து மழை.
உள்பக்கம் திருப்பினேன்.
முதுகுத் தையலில் பட்டை ஒட்டியிருந்தது, கக்கத்தில் இல்லை.
தண்ணீர் துணியைத் துளைத்து வராது,
ஊசி போன வழியாகத்தான் வரும்.
மூட்டைக்கும் அப்படித்தான்.

மூன்றாவது சாம்பல் நிறம். ஆறாயிரத்து நானூறு.
சிங்கப்பூர் மருமகனுக்கு அளவு சேராதது.
எல்லாத் தையலிலும் பட்டை, ஜிப்புக்கு மேலே மடிப்பு,
நெற்றிக்கு ஒரு தாழ்வாரம்,
வேர்வை வெளியேறக் கைக்குக் கீழே ஒரு வாசல்.
என் சம்பளத்தில் பாதிக்கு மேல்.
நனைஞ்சா திருப்பித் தருவேன் என்றேன்.
நனைச்சா வாங்க மாட்டேன் என்றார்.
பிறகு, சரி, வெள்ளிக்கிழமை வரைக்கும், என்றார்.

நிலையத்துக்குப் பின்னால் ஆறங்குல போர்.
கோடை நெல், பொது ரகம், ஈரப்பத மீட்டரில் பதினான்கு.
பைக்கு ஒரு பிடி போட்டு ஜிப்பை இழுத்துக்கொண்டு
தொட்டியில் இறங்கினேன்.
இடும்பன் சுவிட்சைத் தட்டினான்.
மலையைத் தூக்கியவன் பெயர் அவனுக்கு,
தூக்குவது நாற்பது கிலோ மூட்டை.

கால் மணி நேரம்.
டிராக்டரில் காத்திருந்தவர்கள் இறங்கி வந்து
பட்டியல் எழுத்தர் நனைவதைப் பார்த்தார்கள்.

மார்புப் பை பதினான்கு.
வலது பை பதினான்கு.
இடது பை பதினாறு.
பதினேழு வரைக்கும் எடுக்கலாமே, என்றார்
வடபாதிமங்கலம் ராசப்பா.
நேற்று பத்தொன்பதில் நான் திருப்பிய நெல்
இன்னும் ரோட்டில் காய்கிறது அவருக்கு.
எல்லாரும் சிரித்தார்கள். நானும்.
அவர் சிரிக்கவில்லை.

ஜூலையில் குடகு மலை.
பூங்கோதை அனுப்பிய படத்தில்
மழை கோடு கோடாக நிற்கிறது.
கன அடியாக மட்டுமே எனக்குத் தெரிந்த மழை.
மேட்டூரில் எத்தனை, கல்லணையில் எத்தனை,
வெண்ணாற்றில் எத்தனை,
கடைமடைக்கு வந்து சேர்ந்ததா இல்லையா.
இந்த வருடம் மதகு இன்னும் திறக்கவில்லை.

மழை பாக்கவா போறே?
ஆமாண்ணே.
அப்ப இது எதுக்கு?
சொல்ல வாயெடுத்தேன்.
பிறகு சாக்கு எண்ணப் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை பணம் கட்டினேன்.
நைனா முகம்மது நூறு குறைத்தார்.
கொடியில் காயவைத்துப் பைகளை உதறியதில்
இடது பையின் தையலோரம் ஒரு நெல்
மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது.
நகம் எட்டவில்லை. இருக்கட்டும்.
குடகில் நனைந்து
முளைக்காமல் திரும்பினால் நல்ல கோட்டு.

முளைத்திருந்தால்
ராசப்பாவிடம் காட்ட வேண்டும்.